பால்கனி அறை

கப்பலில் மூன்று விதமான அறைகள் உண்டு என்று டிராவல்ஸ் பெண் ஷர்மிளா சொன்னாள். உள்ளறை ஒன்று, அதற்கு ஜன்னலே கிடையாது. ஜன்னல் வைத்த அறை ஒன்று. பால்கனி வைத்த அறை ஒன்று. முதல் இரண்டுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே வந்த ருக்குமணிக்கு மூன்றாவதைக் கேட்டதும் தலை நின்றுவிட்டது. பால்கனி என்றால் எப்படி, கடலுக்கு மேலேயா என்று கேட்க வாயெடுத்தாள். கேட்கவில்லை. கப்பலில் கடலுக்கு மேலே இல்லாமல் வேறு எதற்கு மேலே இருக்கும். ஆர்.எஸ்.புரத்தில் மாடியிலிருந்த அந்த டிராவல்ஸ் அலுவலகத்தில் ஏ.சி. அளவுக்கு மேல் குளிர்ந்தது. பக்கத்து நாற்காலியில் கணவர் தண்டபாணி உட்கார்ந்திருந்தார். அவருடைய வலது கை மடியில், யாரோ வைத்துவிட்டுப் போன பொருளைப்போலக் கிடந்தது. அந்தக் கைக்குக் குளிரும், ஆனால் குளிர்கிறது என்று அதற்குத் தெரியாது. முந்தானையை இழுத்து அதன்மேல் போர்த்தினாள். சுவரில் பெரிய டிவியில் சத்தமில்லாமல் கப்பல் படம் ஓடிக்கொண்டிருந்தது. நரைத்த தம்பதிகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள், கைதட்டினார்கள், நீலத் தண்ணீரைக் காட்டி ஒருவருக்கொருவர் ஏதோ சொன்னார்கள். எல்லோரும் வாயைத் திறந்து பேசிக்கொண்டே இருந்தார்கள். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்றே ஏற்பாடு செய்த பயணம் என்றாள் ஷர்மிளா. கொச்சியில் ஏறி, இலங்கையைத் தொட்டுவிட்டுத் திரும்புவது. கப்பலில் டாக்டர் உண்டு, சக்கர நாற்காலி உண்டு, உப்புக் குறைத்த சாப்பாடு உண்டு. எல்லாம் உண்டு. தண்டபாணியின் பக்கம் திரும்பி, சார் கடல்ல போயிருக்கீங்களா என்று சிரித்தபடி கேட்டாள். அவர் அவளை மரியாதையாகப் பார்த்து, பாக்கலாம் என்றார். ஷர்மிளா கண்டிப்பா பாக்கலாங்க சார் என்றாள். அந்தப் பெண்ணுக்கு அது பதிலாகவே இருந்தது. எல்லோருக்கும் முதல் தடவை அது பதிலாகத்தான் இருக்கும்.

அவருக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரு சொல்தான். முப்பத்தைந்து வருஷம் மோட்டார் பம்ப் விற்றவர். உடுமலைப்பேட்டை, தாராபுரம், காங்கேயம் என்று தோட்டம் தோட்டமாக மோட்டார் சைக்கிளில் போய், கிணற்றைச் சுற்றி நடந்து, மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து, வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவனையும் அரைமணி நேரத்தில் கட்டிலில் தம்மோடு உட்காரவைத்து மோர் வாங்கிக் குடித்துவிட்டு வந்த மனிதர். வீட்டிலும் அப்படித்தான். சாப்பிடும்போது பேச்சு, குளிக்கும்போது கதவுக்கு அந்தப் பக்கமிருந்து பேச்சு. கல்லூரி அலுவலகத்தில் நாளெல்லாம் டைப் அடித்துக் காது மரத்து வருகிற ருக்குமணி, செத்த நேரம் சும்மா இருங்களேன் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பாள். சொன்னது நிஜந்தான், எந்த வீட்டில்தான் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் காலையில் பால் திரிந்துபோனதைப் பற்றிக் கூடத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். அவள் அடுக்களையிலிருந்து ம் கொட்டினாள். பேச்சு வரவில்லை. மறுபடி ம் என்றாள். அப்புறந்தான் வந்து பார்த்தாள். ஆஸ்பத்திரியில் பக்கவாதம் என்றார்கள், எல்லாவற்றையும் காப்பாற்றினார்கள், வலப் பக்கத்தையும் பேச்சையும் தவிர. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் சொன்னாள், சில பேருக்கு அடிக்கடி புழங்கிய ஒரு சொல் மட்டும் தங்கிவிடுமாம். சாமி பேர் தங்கும், வசவு தங்கும், பெண்டாட்டி பேர் தங்கும். இவருக்குத் தங்கியது இவர் சொல்லே இல்லை. பம்ப் வாங்க மனசில்லாத விவசாயிகள் இவரை அனுப்பிவைக்கச் சொல்லும் சொல் அது. பாக்கலாங்க. சாயங்காலம் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே, இன்னைக்கும் நெறயா பாக்கலாம் வாங்கிட்டு வந்திருக்கறேன் ருக்கு, கொழம்பு வெச்சுக் குடு என்பார். இப்போது காப்பி வேண்டுமா என்றால் பாக்கலாம். கால் வலிக்கிறதா என்றால் பாக்கலாம். ஆமாம் என்பதும் அதுவே, இல்லை என்பதும் அதுவே. கோபமும் அதுதான் என்று அவளாகத் தெரிந்துகொண்டாள். தலையாட்டலும் மாறிப்போயிருந்தது. ஆமாம் என்கிற மாதிரி ஆட்டிவிட்டுக் கொடுத்த டம்ளரைத் தள்ளிவிடுவார். இரண்டு வருஷமாக அவருக்குப் பசிப்பதும் தூக்கம் வருவதும் அவள் எடுக்கிற முடிவுகளாக இருந்தன. சட்டையின் நிறம் அவள் முடிவு. வெயிலில் உட்காருவதா நிழலிலா என்பது அவள் முடிவு. இந்தக் கப்பலும் அப்படித்தான், இல்லை, கப்பல் மகள் ஹேமாவின் முடிவு.

ஹேமா அப்போதே போனில் வந்துவிட்டாள். மெல்போர்னில் அவளுக்குச் சாயங்காலம். காரை எங்கேயோ நிறுத்திவிட்டுப் பேசினாள், பின்னால் மழை பெய்துகொண்டிருந்தது. ருக்குமணி போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள், அப்பா நல்லாருக்கீங்களா என்றாள் மகள், பாக்கலாம் என்றார், மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அதற்குப் பிறகு நேரே விஷயத்துக்கு வந்தாள். பால்கனி அறைதான் எடுக்க வேண்டும், அது சீக்கிரம் போய்விடும், மாப்பிள்ளையும் அதைத்தான் சொல்கிறார். வீட்டில் அப்பா எந்நேரமும் கூடத்துச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், போன தடவை வந்தபோது பார்த்துவிட்டுப் போனதிலிருந்து தனக்கு வேலையே ஓடவில்லை என்றாள். "கதவத் தெறந்து வெச்சா அவருபாட்டுக்கு உக்காந்து கடலப் பாத்துட்டு இருப்பாரும்மா. நீயும் கொஞ்சம் படுத்துத் தூங்கலாம்." தூங்கலாம் என்றதும் ருக்குமணி முந்தானையை அவர் கைமேல் இன்னும் இழுத்துவிட்டாள். ஷர்மிளா மேஜைமேல் வழவழப்பான படத்தாளை விரித்து பால்கனி அறையைக் காட்டினாள். வெள்ளை விரிப்பு, கண்ணாடிக் கதவு, அதற்கு அப்பால் இரண்டு சாய்வு நாற்காலி, ஒரு சின்ன மேஜை, கம்பி, கம்பிக்கு அப்பால் ஒன்றுமில்லை. நீலம். ஆள் இல்லாத நாற்காலிகள். ஏன் ஆள் இல்லாமல் படம் எடுக்கிறார்கள். ஆட்களை உட்காரவைத்து எடுத்தால் என்ன. ஹேமா கேட்டாள், ஏம்மா பேசாமல் இருக்கிறாய். யோசிக்கிறேன் கண்ணு என்றாள். யோசிக்க என்ன இருக்கிறது என்றாள் மகள். என்ன இருக்கிறது என்று சொல்ல முடியுமா. சொன்னால் அது நடந்ததாகிவிடும். இதுவரை அது நடக்கவில்லை. கிணற்றங்கரையில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். ஷர்மிளாவிடம் விவரம் கேட்டுவிட்டுத் திரும்ப அழைக்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தாள்.

செருப்பை ஏன் கழற்றினார். அங்கேதான் எப்போதும் சிக்கும். மற்றதையெல்லாம் அவள் ஒருவாறு நேராக்கிவிட்டாள். பொள்ளாச்சிக்குப் பக்கம் அண்ணன் தோட்டத்துக்குத் தை மாதத்தில் போயிருந்தார்கள். மத்தியானச் சாப்பாடு, கோழிக் குழம்பு, அண்ணி விடாமல் ஊற்றினாள், தோட்டத்துச் சாளை வீட்டில் ஆளுக்கொரு கட்டில். அவள் கண்ணயர்ந்துவிட்டாள். எழுந்தபோது அவர் கட்டில் காலியாக இருந்தது. கத்தவில்லை. ஏன் கத்தவில்லை என்று பின்னால் பல தடவை நினைத்தாள். கத்தினால் அண்ணன் வருவான், வந்தால் என்ன ஏது என்பான். வாழைக்குள்ளே ஓடினாள், மாட்டுக்கொட்டகைப் பக்கம் ஓடினாள், அப்புறம் நின்று, அவர் வேறு எங்கே போவார் என்று யோசித்தாள். பம்ப் விற்றவர் தோட்டத்தில் எங்கே போவார். கிணற்று விளிம்பில் உட்கார்ந்திருந்தார், இரண்டு காலும் உள்ளே தொங்க. கைத்தடி பக்கத்தில் நேராக வைத்திருந்தது. செருப்பு இரண்டும் சேர்த்து, கோயில் வாசலில் விடுகிற மாதிரி, முனை வெளியே பார்க்கத் திருப்பி வைத்திருந்தது. வலது காலில் செருப்பு போடவும் கழற்றவும் அவரால் முடியாது, அவள்தான் குனிந்து செய்வாள். அதை அவராகக் கழற்றியிருந்தார். எவ்வளவு நேரம் பிடித்திருக்கும். மோட்டாரைப் பார்க்கப் போனார் என்றே வைத்துக்கொண்டாலும், தண்ணீர் மட்டம் பார்க்கப் போனார், பழைய பழக்கம், கிணற்றைக் கண்டால் எட்டிப் பார்க்காமல் இருக்க மாட்டார், கல்யாணத்துக்குப் போன ஊரில்கூட மண்டபத்துக் கிணற்றை எட்டிப் பார்ப்பார். பார்க்கும்போது செருப்பைக் கழற்றுவாரா. அவரோடு தோட்டங்களுக்குப் போன நாட்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். ஒருதரம் ஆனைமலைப் பக்கம், வெறுங்காலோடு நின்ற மாதிரி இருந்தது. மனசில் வந்த அந்தப் படத்தை அவளே செய்துகொண்டாளா. வழுக்கும் என்று கழற்றியிருப்பார். கிணறும் ஒரு சாமிதானே என்று ஒருதரம் சொன்னார், அதனால் கழற்றியிருப்பார். கால் உள்ளே தொங்க உட்கார்ந்தது எதற்கு. அவள் பின்னாலிருந்து போய், பேர் சொல்லாமல், இரண்டு அக்குளிலும் கைகொடுத்துப் பின்னுக்கு இழுத்தாள். இருவரும் மண்ணில் சாய்ந்து விழுந்தார்கள். என்னங்க பாத்தீங்க என்று கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன சொல்லியிருப்பார். அவர் வாய்க்கு வருகிற அந்த ஒரு சொல்லே அங்கே எவ்வளவு பயங்கரமாக இருந்திருக்கும் என்று நினைத்துக் கேட்கவில்லை. முதுகில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள், செருப்பை மாட்டிவிட்டாள், அண்ணி போட்ட டீயைக் குடித்தார்கள். ஒருவரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து படுக்கும்போது தன் முந்தானை முனையை அவருடைய இடது மணிக்கட்டில் முடிந்துகொண்டுதான் படுக்கிறாள். அவர் கையை நீட்டிக் கொடுக்கிறார். அதுவும் எதற்கு என்று தெரிந்து கொடுக்கிறாரா, தெரியாமலா.

அம்மா என்று ஷர்மிளா கூப்பிட்டாள். கீழ்த்தளத்தில் பால்கனி அறைகள் தீர்ந்துவிட்டன, மேலே சில இருக்கின்றன, உயரத்திலிருந்து பார்த்தால் இன்னும் அழகு என்றாள். ருக்குமணி மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு, அந்தக் கம்பி எவ்வளவு உசரங் கண்ணு இருக்கும் என்று கேட்டாள். ஷர்மிளா எழுந்து நின்று தன் மார்புக்கு நேரே கையை வைத்துக் காட்டினாள். ருக்குமணி அந்தக் கையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், அவர் அந்தப் பெண்ணைவிட உயரம். கதவுக்கு உள்ளே பூட்டு இருக்குமா, சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டாள். சாவியெல்லாம் இல்லை, கைப்பிடியைத் திருப்பினால் திறக்கும் என்று சொன்ன ஷர்மிளா புரிந்துகொண்டவளாக, பேரக் குழந்தைகள் கூட வருகிறார்களா என்று கேட்டாள். ஆமாம் என்று ருக்குமணியின் வாய் சொல்லிவிட்டது. அப்படியானால் பேரும் வயதும் வேண்டும், இது மூத்தவர்கள் பயணம், குழந்தைக்குத் தனியாகக் கேட்க வேண்டியிருக்கும் என்று ஷர்மிளா கீபோர்டில் கைவைத்தாள். இல்லை, வரவில்லை, சும்மா கேட்டேன் என்றாள். மேஜையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வெள்ளைக் கப்பல் பொம்மை, ஒரு சாண் நீளம், அதன் உடம்பெல்லாம் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு பால்கனி. எறும்பு போகிற அளவு. அந்த அளவில் ஒன்று கீழே விழுந்தால் மேலே ஆடிப் பாடிக்கொண்டிருக்கிறவர்களுக்குச் சத்தம்கூடக் கேட்காது. அந்த நினைப்பு தன்னுடையதா என்று திடுக்கிட்டுக் கண்ணை எடுத்தாள். வேண்டாம், எந்த அறையும் வேண்டாம், எழுந்து போய்விடலாம். போய்? வீட்டுக்குப் போய் அவரைக் கூடத்துச் சுவருக்கு எதிரே உட்காரவைக்கலாம். சாயங்காலம் வேறு பக்கத்துச் சுவர். வீட்டில் அவள் மாடிக் கதவைப் பூட்டியாயிற்று, பின்கட்டுக் கதவைப் பூட்டியாயிற்று, சவரக் கத்தியை அரிசிப் பானைக்குள் வைத்தாயிற்று. ஒரு மனிதரைச் சுற்றி ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்திருக்கிறாள், அவர் தப்பாக ஒன்றும் செய்யவில்லை, கிணற்றுக்குள் பார்த்தார்.

அவளுக்கும் போக ஆசைதான். அதை ஹேமாவிடம்கூடச் சொல்லவில்லை. கடலை அவள் நன்றாகப் பார்த்தது ஒரே தடவை, திருச்செந்தூரில், ஹேமாவுக்கு மொட்டை போட்டபோது. தண்டபாணி குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு அலைக்குள் போய், சந்தனம் பூசிய அந்த மண்டையைப் பிடித்துக்கொண்டு, அலையைப் பார்த்து ஏதோ பேசிக்கொண்டே நின்றார். அவளை வா வா என்று கூப்பிட்டார். துணி நனையும் என்று கரையிலேயே பைகளுக்குக் காவல் இருந்துவிட்டாள். கப்பலில் யாரோ சமைப்பார்கள். யாரோ படுக்கையை உதறிப் போடுவார்கள். உட்கார்ந்த இடத்தில் காப்பி வரும். ஒரு ராத்திரி, ஒரே ஒரு ராத்திரி, முந்தானையை முடியாமல், காதைத் திறந்து வைத்துக்கொள்ளாமல், அடித்துப்போட்ட மாதிரித் தூங்க வேண்டும். அப்படித் தூங்கினால் விடியும்போது அந்த இரண்டு சாய்வு நாற்காலியும் படத்தில் இருக்கிற மாதிரியே இருக்கும். அங்கே நினைப்பு போய் முட்டிக்கொண்டு நிற்கும், மறுபடி செருப்புக்கு வரும். உள்ளறையே போதும் என்று சொல்லிவிடலாம், ஜன்னல் இல்லாத பெட்டி, கதவு ஒன்று, அதற்குக் குறுக்கே அவள் படுத்துக்கொள்ளலாம். கடலுக்கு நடுவே கொண்டுபோய் ஒருத்தரைச் சுவரைப் பார்க்கவைப்பதா. அதற்குக் கொச்சி எதற்கு, கப்பல் எதற்கு. உள்ளறை பற்றிச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அப்போது மேஜைமேல் ஏதோ நகர்ந்தது.

தண்டபாணியின் இடது கை. அது படத்தாளை நோக்கி மெல்லப் போய்க்கொண்டிருந்தது. உள்ளறையின் படத்தைத் தாண்டியது, ஜன்னல் அறையைத் தாண்டியது, பால்கனி அறையின்மேல் சுட்டுவிரல் போய் நின்றது. விரல் அழுத்திய இடத்தில் தாள் குழிந்தது. பாக்கலாம் என்றார். இந்த இரண்டு வருஷத்தில் அவராக ஒன்றைக் கேட்டது இதுதான். இரண்டு சட்டையைக் கட்டிலில் விரித்துவைத்துக் காட்டினாலும் இரண்டுக்கும் பொதுவாகப் பார்க்கிறவர், மாம்பழத்தையும் மாத்திரையையும் ஒரே மாதிரி வாங்கிக்கொள்கிறவர். ஒரு ஆசை, ஏதாவது ஒரே ஒரு ஆசையைக் காட்டினால் போதும் என்று அவள் மருதமலைப் படியெல்லாம் ஏறி வேண்டிக்கொண்டது இதற்குத்தான். ஷர்மிளாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ஐயாவே காமிச்சுட்டாருங்கம்மா. போட்டுரட்டுங்களா?" விரல் அங்கேயே இருந்தது. நாற்காலியைக் காட்டுகிறதா, கம்பியைக் காட்டுகிறதா, கம்பிக்கு அந்தப் பக்கத்தையா என்று ருக்குமணி குனிந்து பார்த்தாள். விரல் பெரியது, படம் சின்னது, எல்லாவற்றின்மேலும் இருந்தது. அவள் நாற்காலியைத் திருப்பி அவருக்கு நேரே உட்கார்ந்தாள். ஷர்மிளா இருப்பது தெரிந்தும், வெளியே வண்டிச் சத்தம் கேட்டும், இத்தனை மாதம் தொண்டையில் நின்றிருந்ததை மெதுவாக, பால் வேண்டுமா என்று கேட்கிற குரலில் கேட்டாள்.

"அன்னைக்கு எங்க அண்ணன் தோட்டத்துக் கிணத்துக்குள்ள என்னங்க பாத்தீங்க?"

அவர் அவளைப் பார்த்தார். உதடு பிரிந்தது. பாக்கலாம் வரும் என்று காத்திருந்தாள், அந்த ஒன்றாவது வரும் என்று. வரவில்லை. உதடு பிரிந்தது பிரிந்தபடியே இருந்தது, உள்ளே நாக்கு எதையோ தேடி அசைந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணின் ஓரத்தில் நீர் வந்து நின்றது. பயிற்சிக்காரப் பெண்ணிடம்கூட இப்படி முட்டி மோதி அவள் பார்த்ததில்லை. ஏதோ சொல்ல இருந்தது. பெரியதாக, வரிசையாக, ஒரு காலத்தில் காப்பி ஆறுகிற வரைக்கும் சொல்வாரே அப்படி ஏதோ இருந்தது. தண்ணியைப் பார்த்தேன் என்றா, உன்னை எழுப்ப மனசு வரவில்லை என்றா, என்னை விட்டிருக்கக்கூடாதா என்றா. அவள் அவர் உதட்டையே பார்த்தாள். பிறகு உதடு மூடிக்கொண்டது. ஷர்மிளா தன் கம்ப்யூட்டரில் எதையோ தேடுகிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஜன்னல் வெச்ச ரூம் சொன்னியே கண்ணு, ஜன்னல் தெறக்குமா அது?"

"தெறக்காதுங்கம்மா. கண்ணாடி மட்டுந்தானுங்க. ஆனா கடல் நல்லாத் தெரியும்."

"அதையே போட்டுரு."

ஷர்மிளா கொஞ்சம் தயங்கினாள், ஐயா ஆசைப்பட்டாரே என்றாள், ருக்குமணி தலையைக்கூட அசைக்கவில்லை என்று கண்டு கீபோர்டைத் தட்ட ஆரம்பித்தாள். தண்டபாணியின் விரல் படத்திலிருந்து எழுந்தது. கடையில் எடுத்துப் பார்த்த பொருளை இருந்த இடத்திலேயே வைத்துவிடுகிறவரைப்போல, தாளை அவராக இரண்டாக மடித்தார், ஒற்றைக் கையால், விளிம்பு விளிம்போடு சேர, ஷர்மிளாவின் பக்கம் தள்ளினார். பேசியது ஒவ்வொன்றும் அவருக்குப் புரிந்திருந்தது. திறக்குமா என்றது, திறக்காது என்றது, எதற்காக என்பது. இப்போது புரிந்தது என்றால் எப்போதும் புரிந்திருக்கிறது. அரிசிப் பானையும் புரிந்திருக்கிறது, முந்தானையும் புரிந்திருக்கிறது. வந்தவர் போனவரிடமெல்லாம் அவருக்கு எதிரேயே, அவருக்கு ஒண்ணும் தெரியறதில்லீங்க என்று அவள் சொல்லிவந்ததும். ருக்குமணிக்கு அந்த நாற்காலியிலிருந்து எழுந்து எங்கேயாவது சுவருக்குப் பின்னால் போய் நின்றுகொள்ள வேண்டும்போல இருந்தது. ஷர்மிளா சைவமா அசைவமா என்று கேட்டாள், ருக்குமணி சொன்னாள். முதல் பந்தியா இரண்டாம் பந்தியா என்றாள், முதல் என்றாள். ஹேமாவுக்குப் போன் போட்டு, பால்கனி தீர்ந்துபோச்சாம் கண்ணு என்றாள், மழைச் சத்தத்துக்கு நடுவே மகள் அப்போதே சொன்னேனே என்று கடிந்துகொண்டாள். ஷர்மிளா நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

கிளம்பும்போது ருக்குமணி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வழக்கம்போல அவருக்கு முன்னால் வந்து நின்று இரண்டு கையையும் நீட்டினாள். அவர் அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு உடம்பைத் திருப்பி, கதவைத் திறந்துபிடிக்க வந்த ஷர்மிளாவிடம் தன் இடது கையை நீட்டினார். அந்தப் பெண் ஒரு கணம் திகைத்தாள், உடனே சந்தோஷமாகப் பிடித்துக்கொண்டாள், வாங்க சார், பாத்து வாங்க, கப்பல்ல ஏறயில மேளமெல்லாம் அடிப்பாங்க என்று பேசிக்கொண்டே படிகளில் இறக்கினாள். அவர் அவள் பேச்சுக்குத் தலையை ஆட்டி ஆட்டி இறங்கினார். ருக்குமணி அவருடைய கைத்தடியை எடுத்துக்கொண்டு, நாலு படி தள்ளி, பின்னாலேயே இறங்கினாள்.